433 லிட்டர் குடும்பம்

திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஒரு கார் ஆலை இருக்கிறது. அதன் பெயர்ப்பலகை மாறும். காம்பவுண்டு சுவர் மாறாது. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோடு சேர்ந்து இங்கே லான்சர் காரைக் கட்டத் தொடங்கியது. பின்னால் பஜேரோ, அவுட்லேண்டர் என்று பெரிய வீட்டு வண்டிகள் வந்தன. தடா பக்கத்து ஸ்ரீசிட்டியில் 2016-இல் சொந்த ஆலையைத் திறக்கும் வரை இசுசூவும் இங்கேதான் குடியிருந்தது. இப்போது இருப்பவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 2021-இல் சிட்ரோன் சி5 ஏர்கிராஸ், 2022-இல் சி3, 2023-இல் மின்சாரத்தில் ஓடும் இசி3. 2024 ஏப்ரலில் அந்த மின்கார்களில் 500 வண்டிகள் காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறி இந்தோனேசியா போயின.

ஆனால் இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் லான்சர் நினைவுக்கு வராது. பஜேரோவில் யாரும் ஏறியதும் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அம்பாசிடர். கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றது. 2017-இல் பிஜோ கம்பெனி அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு விலை போட்டவர்கள், உள்ளே ஏறிய ஆட்களைக் கணக்கெடுக்கவில்லை. அந்தக் கணக்கு எங்களிடம் இருக்கிறது.

பெரியப்பா திருவள்ளூர் ஸ்டேண்டில் டாக்ஸி ஓட்டினார். நாங்கள் கும்மிடிப்பூண்டியில் இருந்தோம். அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. ஆடி ஞாயிறு ஒன்றில் பெரியபாளையம் பவானி அம்மனுக்குப் பொங்கல் வைப்பது என்று முடிவானால், பெரியப்பா முதல் நாள் ராத்திரியே வண்டியோடு வந்துவிடுவார். கூடவே பெரியம்மாவும் பிள்ளைகளும். விடிவதற்குள் பொன்னேரியிலிருந்து அத்தை வந்து சேர்வாள், கையில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்தபடி இன்னொன்று. அத்தனை பேரும் அந்த ஒரே வண்டியில் கவரைப்பேட்டை, புதுவாயல் வழியாகப் பெரியபாளையம் போக வேண்டும்.

உள்ளே இடம் போதுமா என்று அன்று யாரும் கேட்டதில்லை. "இன்னும் யார் வரணும்?" என்பதுதான் கேள்வி.

முன் சீட் ஒரே பெஞ்சு. கியர் தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. நடுவில் கைவைக்கும் பெட்டி, தம்ளர் வைக்கும் குழி என்று எந்த இடைஞ்சலும் கிடையாது. டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் என்பது கம்பெனி கணக்கு; மூன்று பேர் என்பது எங்கள் கணக்கு. பெரியப்பா கதவோரம் ஒதுங்கி, வலது முழங்கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு ஓட்டுவார். பின் சீட்டில் பெண்கள் நான்கு பேர். நால்வரும் ஒரே மாதிரி சாய்ந்தால் தோளும் தோளும் இடிக்கும். அதனால் ஒருத்தி முன்னால் நகர்ந்து, அடுத்தவள் பின்னால் சாய்ந்து, மறுபடி ஒருத்தி முன்னால். யார் முன், யார் பின் என்று தீர்ப்புச் சொல்வது பெரியம்மாவின் அதிகாரம். தீர்ப்பில் உடம்பின் அகலம் மட்டுமல்ல, அந்த வருஷம் யாருக்கு யாரோடு மனஸ்தாபம் என்பதும் சேரும். பேசிக்கொள்ளாத இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைப்பாள். புதுவாயல் வருவதற்குள் ஒருத்தி மடியில் மற்றவளின் குழந்தை தூங்கும். அதற்கப்புறம் பேசித்தானே ஆக வேண்டும்.

மடிகளில் குழந்தைகள். தரை நடுவில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் போவதற்காக ஒரு மேடு எழும்பியிருக்கும். அதன்மேல் நான். அந்த மேட்டுக்காகப் பெரியப்பா பிள்ளைகளோடு சண்டை போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். பாட்டி மட்டும் ஜன்னலோரம் சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்வாள். காலைத் தொங்கவிட்டால் நீர் கோத்துக்கொள்ளுமாம்.

டிக்கியில் பொங்கல் பானை, அரிசி, வெல்லம், விறகு, கூடையில் ஒரு சேவல், வேப்பஞ்சேலை கட்டுகிறவர்களுக்கு மாற்றுத்துணி, ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீர். மேலே கேரியரில் பாயும் ஜமக்காளமும். சேவலுக்குப் போகும்போது மட்டும்தான் இடம் வேண்டும். வழியில் போலீஸ் தெரிந்தால் நாங்கள் தலையைக் குனிய வேண்டும். குழந்தைகள் கணக்கில் வராது என்பது பெரியப்பாவின் சட்ட அறிவு.

அந்த வண்டியின் வீல்பேஸ் 2,464 மில்லிமீட்டர் என்பது அதில் போன ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னொரு ஆளை ஏற்றியிருப்பார்கள்.

இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கிறேன், ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில். வீடு திருவள்ளூர் மணவாளநகரில். போல்ட் வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, பட்டியல் போட்டு, கையெழுத்துக்கு அனுப்புகிறவன். தினமும் இவ்வளவு தூரம் போய்வருவதற்குப் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி. ஒன்று எடுக்கலாம் என்று வீட்டில் தீர்மானமானதும் அதே புத்தி வேலை செய்தது. எக்செல் ஷீட்டில் 'குடும்பத் தேவை' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே கால் இடம், தலை இடம், தோள் இடம், தொடைத் தாங்கல், பூட் ஸ்பேஸ். ஷோரூமுக்குப் போகும்போது சட்டைப்பையில் ஸ்டீல் டேப்.

எஸ்.யூ.வி. என்ற சொல்லுக்கே அரசாங்கம் ஓர் இலக்கணம் வைத்திருந்தது. கூடுதல் வரி போடுவதற்காக 2022 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் அதைத் தெளிவுபடுத்தியது: நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், தரையிலிருந்து உயரம் 170 மில்லிமீட்டருக்குக் குறையாமல், மக்கள் வழக்கில் எஸ்.யூ.வி. என்று பெயர் பெற்றிருக்க வேண்டும். மின்காருக்கு எஞ்சினும் கிடையாது, சி.சி.யும் கிடையாது. அந்த இலக்கணப்படி நான் வாங்கப் போன பொருள் உலகத்திலேயே இல்லை. இல்லாத பொருளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 2019-லிருந்து இருக்கிறது.

4 மீட்டர் விவகாரம் இன்னும் பழையது. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். உடனே கம்பெனிகள் டிக்கியை நறுக்கத் தொடங்கின. அதே உடம்பில் பேட்டரி வைத்து விற்கும் மின்கார்களுக்கு அந்தச் சலுகைக்கான அவசியமே இல்லை. ஆனாலும் நறுக்கிய வால் முளைக்கவில்லை. எங்கள் ஊர் இசி3-யின் நீளம் 3,981 மில்லிமீட்டர், டிக்கி 315 லிட்டர். டாடா நெக்ஸான் மின்காருக்கு 350. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக் 4 மீட்டரைத் தாண்டியது, அதற்கு 433. எம்.ஜி. வின்ட்சருக்கு 604. மஹிந்திரா எக்ஸ்.ஈ.வி. 9ஈ-க்கு 663.

"பூட் ஸ்பேஸ் 433 லிட்டர் சார்," என்றார் ஷோரூம் தம்பி.

கூட வந்திருந்த அம்மா அவரையே பார்த்தாள். "லிட்டரா? இன்னாத்த ஊத்தி அளந்தாங்க?"

ஊற்றுவதில்லை, அடுக்குகிறார்கள். ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 உயரம் உள்ள கட்டை ஒன்று சரியாக ஒரு லிட்டர். அப்படிப்பட்ட கட்டைகளை டிக்கிக்குள் எத்தனை அடுக்க முடிகிறதோ அத்தனை லிட்டர். சீட் முதுகின் மட்டம் வரை அடுக்கினார்களா, கூரை வரை அடுக்கினார்களா என்பதைப் பொறுத்து எண் மாறும்; வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அது. இதையெல்லாம் விளக்கியதும் அம்மா ஒரே வரியில் முடித்தாள்: "அப்போ பொங்கப் பானைய ஒடச்சுத்தான் அடுக்கணும்."

கட்டைக்கு மூலை உண்டு, பானைக்கு இல்லை. டிக்கியின் வாய் எவ்வளவு அகலம், தூக்கி வைக்கும் விளிம்பு இடுப்புக்கு மேலா கீழா என்பதை லிட்டர் சொல்லாது. சார்ஜர் பையை உள்ளே வைத்த பிறகு என்ன மிச்சம் என்பதையும் சொல்லாது. அன்று ரேடியேட்டர் தண்ணீர்க் கேன் இருந்த மூலையில் இன்று ஒயர் சுருள். முன்னால் பானெட்டுக்குக் கீழே இன்னொரு 22 லிட்டர் பெட்டி இருக்கிறது என்று திறந்து காட்டினார் தம்பி. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொட்டி. என் மகள் தன் செருப்பை அதில் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றாள்.

கால் இடத்துக்கு வருவோம். கார் சீட்டுகளை அளப்பதற்கு ஒரு பொம்மை இருக்கிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே826 தரத்தில் செய்தது. நடுத்தர ஆண் ஒருவனின் எடையை ஏற்றி, காலை நெட்டை ஆள் அளவுக்கு நீட்டி உட்காரவைப்பார்கள். இடுப்பு எங்கே பதிகிறது, முழங்கால் எங்கே முட்டுகிறது என்று அது சொல்லிவிடும். அந்தப் பொம்மை சம்மணம் போடாது. அம்மா போடுவாள், பாட்டியிடமிருந்து வந்த பழக்கம். இன்றைய சீட்டுகளுக்கு இரு பக்கமும் கரை கட்டி, நடுவைக் குழித்து, ஆளைப் பிடித்துவைக்கிற மாதிரி தைத்திருக்கிறார்கள். அம்மா ஒரு காலை மடித்தாள். மற்றதை மடிக்கக் கரை விடவில்லை. "இது உக்கார்றதுக்கு இல்ல, மாட்டிக்கிறதுக்கு," என்றாள்.

ஆனால் அவள் ஒரு விஷயத்தில் கட்சி மாறினாள். மின்காரில் பேட்டரி தரைக்கடியில் இருக்கிறது. பெட்ரோல் காராகப் பிறந்து மின்காராக மாறியவற்றில் அந்தப் பேட்டரிக்காகத் தரை சற்று மேலே ஏறிவிடும். கூரை அதே உயரம். சீட்டையும் அதிகம் உயர்த்த முடியாது. விளைவு, நெட்டை ஆட்களுக்கு முழங்கால் தூக்கிக்கொண்டு, தொடை சீட்டில் படாமல் அந்தரத்தில் நிற்கும். கார் விமர்சகர்கள் எல்லோரும் புலம்புவது இந்தத் தொடைத் தாங்கலைப் பற்றித்தான். பிளஸ் டூ படிக்கும் என் மகன் பின்னால் உட்கார்ந்ததும் அதே வார்த்தையைச் சொன்னான். அம்மா ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. வாழ்க்கை முழுவதும் பஸ்ஸிலும் காரிலும் கால் தரையைத் தொடாமல் போனவள். தரையே எழும்பி அவள் காலடிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. "இந்த வண்டிதான் எனக்கு எட்டுது," என்றாள். எக்செல்லில் ஒரே கட்டத்துக்குள் இரண்டு மதிப்பெண்ணை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நடுவில் இருந்த மேடும் இல்லை. ஷாஃப்ட் ஒழிந்ததால் பல மின்கார்களில் பின்பக்கத் தரை அநேகமாகத் தட்டை. மேட்டில் உட்கார நாங்கள் அடித்துக்கொண்டோம். மெத்தையும் தலையணையும் பெல்ட்டும் வைத்த நடு சீட்டில் உட்காராமலிருக்க என் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள்.

பெல்ட்டைப் பற்றிச் சொல்லும்போது பழைய பெருமையை நிறுத்திவிட வேண்டும். அன்று மடியில் இருந்த குழந்தைதான் வண்டியின் ஏர்பேக். நாங்கள் உயிரோடு திரும்பியதற்குக் காரணம் பெரியப்பாவின் நிதானமும் அன்றைய ரோட்டின் காலியும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. சரியான சட்டம். அதன்படி பார்த்தால் பெரியபாளையம் பயணம் ஒன்றுக்கு எங்கள் குடும்பம் அம்மனுக்குச் செலுத்தியதைவிட அரசாங்கத்துக்கு அதிகம் செலுத்தியிருக்கும். இன்று ஐந்து பெல்ட் என்றால் ஐந்து பேர். அதில் பேச்சுக்கு இடமில்லை. குழந்தை இருக்கை இரண்டு போட்டுவிட்டால் நடுவில் பாட்டிக்கு இடமில்லை என்பதையும் சேர்த்து, வாங்குகிறவர்கள் ஷோரூமிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஆனாலும் ஓர் எண் என்னை விடவில்லை. அம்பாசிடரின் நீளம் சுமார் 4,325 மில்லிமீட்டர். கிரெட்டா எலெக்ட்ரிக் 4,340. ஒன்றரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். வீல்பேஸ் 2,610, அதாவது அம்பாசிடரைவிட 146 மில்லிமீட்டர் கூடுதல். அகலமும் கூடுதல். ரோட்டில் அடைக்கிற இடம் கிட்டத்தட்ட அதே. உள்ளே இடம் அதிகம். ஏறுகிற ஆள் பாதிக்கும் குறைவு. கூடுதல் மில்லிமீட்டர்கள் எல்லாம் எங்கே போயின என்று பார்த்தால், ஒருவர் மேல் ஒருவர் படாமல் உட்கார்வதற்குப் போயிருக்கின்றன. பட்டியலில் நான் எழுதிய தோள் இடம், கால் இடம், முழங்கை இடம் அத்தனைக்கும் அதுதான் பொருள். பெரியம்மா இலவசமாகச் செய்துவைத்த சமாதானங்களைத் தவிர்ப்பதற்கு நான் வங்கியில் கடன் கேட்டிருந்தேன்.

உறவுக்காரர்களுக்கும் வழி செய்திருக்கிறார்கள். அதிகத்தூரில் தயாராகும் சிட்ரோன் ஏர்கிராஸ் பெட்ரோல் வண்டிதான் என்றாலும் அதன் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ஐந்து பேரோடு இன்னும் இரண்டு பேருக்கு மூன்றாம் வரிசை. அந்த இரண்டு சீட்டையும் கழற்றி எடுத்துவிடலாம். கழற்றினால் 511 லிட்டர் டிக்கி. மச்சான் வருவதாகச் சொன்னால் பரணிலிருந்து இறக்கி மாட்டலாம். கிளம்பியதும் கழற்றி மறுபடி பரணில் ஏற்றலாம். இதை மச்சானிடம் சொல்லாமலிருப்பது நல்லது.

போன ஆடியில் பெரியபாளையம் போனோம். பெரியப்பா இப்போது இல்லை. அவர் பிள்ளைகளில் ஒருவன் ஓரகடத்தில், ஒருவன் ஓசூரில்; ஆளுக்கொரு கார். எல்லோரும் தனித்தனியாகக் கிளம்பி, வழியில் எங்கே நிற்கிறாய் என்று போனில் கேட்டுக்கொண்டே வந்தோம். மற்ற கார்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு சீட் காலி, ஏசி மட்டும் எல்லாவற்றிலும் முழுசாக. ஆரணி ஆற்றங்கரையில் அத்தனை காருக்கும் நிறுத்த இடம் தேடியதில் பொங்கல் வைக்கும் நேரம் போனது. வந்துசேர்ந்ததும் என் மகன் ஒரு யோசனை சொன்னான். நாம் எடுக்கப்போகும் மின்காரிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம்; அடுத்த வருஷம் இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டிப் பொங்கல் வைத்துவிடலாம், விறகு ஏற்றும் இடம் மிச்சம். அம்மா பதில் சொல்லவில்லை. ஊதுகுழலை அவன் கையில் கொடுத்தாள். திரும்பும்போது எல்லோருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அடுத்த ஆடிக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் எடுத்துவிடுவது.

வேன்தான் எங்கள் பக்கத்தின் உண்மையான எஸ்.யூ.வி. கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, அந்த இடிபாட்டிலேயே வீட்டுக்கதை, சீட்டுப்பணம், மாமியார் எல்லாம் பேசி முடித்து இறங்குகிறார்கள். பக்கத்திலேயே வரிசையாக நிற்கும் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒருவர், மற்ற நான்கு சீட்டில் ஒரு லேப்டாப் பை. நாளை அந்த வரிசையில் நானும் நிற்பேன், புகையில்லாமல்.

மின்சாரத்தில் குடும்பம் போவதும் எங்களுக்குப் புதிதில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சார ரயில் 1979-லேயே வந்துவிட்டது. மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார்ந்து, நின்றபடி பூ கட்டிக்கொண்டு, மீன்கூடையையும் கல்யாணப் பையையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதன் தோள் இடத்தை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

பொன்னேரி அத்தை இன்னும் அந்த 'யூனிட்' ரயிலில்தான் வருகிறாள். கார் புக் பண்ணிய செய்தியை அவளிடம் போனில் சொன்னேன். கம்பெனி, விலை, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எதையும் கேட்கவில்லை.

"எத்தினி பேர் ஏறலாம்?"

"அஞ்சு பேர் அத்தே."

மனசுக்குள் எண்ணினாள். நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா.

"சரி, நீங்களே அஞ்சு ஆயிட்டீங்க. நான் வந்தா?"

ஐந்து பெல்ட், 194பி இரண்டையும் பொறுமையாக விளக்கினேன். அத்தையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அதுக்கென்னப்பா, நான் எப்பவும் போல பேசின்பிரிட்ஜ்ல மாறி யூனிட்லயே வந்துடறேன். வீட்டுக்கு ஷேர் ஆட்டோ இருக்குது. நீ மட்டும் ஸ்டேஷனுக்கு வந்து என் பைய வாங்கினு போ. பைக்கு எடம் இருக்கும் இல்ல?"

இருக்கிறது அத்தே. 433 லிட்டர்.